சமையலறையில் முளைத்தது

எங்கள் வீட்டுச் சமையலறை கிழக்குப் பார்த்தது. ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் சாமுண்டி மலை தெரியும். ஹாலிலிருந்து நேராக அதற்குள் நுழைய முடியாது, நடுவில் ஒரு சின்ன நடை உண்டு. தாளிக்கிற நெடி ஹாலுக்கு வரக்கூடாது என்று என் கணவர் யோசித்து வைத்த ஏற்பாடு அது. அந்தச் சமையலறையில் நான் ஒரு வேளைகூடச் சமைத்ததில்லை. அந்த வீட்டைக் கட்டவே இல்லை.

அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஊழியர்கள் சேர்ந்து வீட்டுவசதிச் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். மைசூர் விஜயநகரின் கடைசி ஸ்டேஜையும் ரிங் ரோட்டையும் தாண்டி, பாறையும் புல்லுமாகக் கிடந்த ஒரு மேட்டு நிலத்தைச் சங்கம் வாங்கியது. அதில் எங்களுக்கும் ஒரு சைட், அதாவது வீட்டு மனை, ஒதுக்கினார்கள். பிறகு அந்த அனுமதி, இந்த அனுமதி என்று வருடங்கள் ஓடின. என் கணவருக்குச் சும்மா காத்திருக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் இருவரும் அங்கே போவோம். அவர் அக்கம்பக்கத்துக் கற்களைப் பொறுக்கி வந்து வரிசையாக வைப்பார். இது ஹால், இது படுக்கையறை, இது மகள் வந்தால் தங்குகிற அறை.

"இங்க பாரு, செவுத்துக்குள்ள பூந்து நடக்கறே. வாசப்படி அங்க இருக்குது" என்பார்.

நான் சிரித்துக்கொண்டே சுற்றிப் போய் வாசல் வழியாக வருவேன். முதலில் அவருக்காகச் செய்தேன். பிறகு அந்தக் கல் வரிசையைத் தாண்ட எனக்கே கால் எழாமல் போயிற்று.

ஒரு சின்னக் களைக்கொத்தும் கொண்டு வருவார். ஹாலிலும் படுக்கையறையிலும் முளைத்திருக்கிற செடி கொடிகளைக் கொத்தி எடுத்துச் சுத்தமாக வைப்பார். சமையலறையை மட்டும் தொடமாட்டார். "அது உன்ற எடம். நீ சொல்றாப்பல பண்ணிக்கலாம்" என்பார். நான் எதையும் சொல்லவில்லை. எனக்கு அவசரமில்லை.

அவர் இறந்தது ஒரு சாதாரணமான காலையில். நாங்கள் வாடகைக்கு இருந்த விஜயநகர் வீட்டின் கேட்டருகே பேப்பர் எடுக்கக் குனிந்தவர், அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கார் எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் கணவர் என் கையைப் பிடித்திருந்தார். போய்ச் சேரும்போது அந்தப் பிடி இல்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் சொந்த ஊரான ஹனூருக்குத் திரும்பினார்கள். மகள் பெங்களூருக்குப் போனாள். அதன்பிறகு ஒரு விசித்திரமான விஷயம் நடக்க ஆரம்பித்தது. நாங்கள் வருடக்கணக்கில் வாழ்ந்த வாடகை வீட்டில் அவர் இல்லை. நாற்காலியில் இல்லை, கட்டிலில் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கட்டாத வீட்டில் இருந்தார். ஹாலில் விளக்குப் போடுவார். நடையைக் கடந்து வந்து சமையலறை வாசலில் நிற்பார். நான் அடுப்பருகே நின்றபடி அவர் காலடியைக் கேட்பேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள் என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விடுவாள்.

ஆடி மாதத்தில் மழை விட்டிருந்த ஒரு மாலை, பஸ் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அங்கே நடந்து போனேன். புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கற்கள் பாதி மண்ணில் அமிழ்ந்திருந்தாலும் வரிசை கலையவில்லை. வாசல் வழியாக நுழைந்து, ஹாலைக் கடந்து, நடைக்கு வந்தேன். சமையலறையில் யாரோ இருந்தார்கள்.

என்னைவிட மூத்த ஒரு பெண்மணி. சல்வார் கமீஸும் ரப்பர் பூட்ஸுமாக, ஈர மண்ணில் மண்டியிட்டு, எதையோ பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். காலடி கேட்டு நிமிர்ந்து, கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அவர் பேசியது கன்னடம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ஜோபானம்மா, பாத்து. மிதிச்சிடாதீங்க."

"நான் வாசல் வழியாத்தான் வந்தேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். திறந்த வெளி, நாலு பக்கமும் புல். "எந்த வாசல்?"

கற்களைக் காட்டினேன். "அது ஹால். இது நடை. நீங்க உக்காந்திருக்கறது எங்க சமையக்கட்டு."

அவர் சிரிக்கவில்லை. கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் நெற்றியையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். "அப்படின்னா உங்ககிட்டதான் நான் அனுமதி கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "வந்து பாருங்க" என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

தரையோடு தரையாக இரண்டு இலைகள். நடுவிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தண்டு. அதில் வெள்ளையாகச் சில பூக்கள். ஒவ்வொரு பூவும் விரித்த கை மாதிரி, பின்னால் ஒரு நீண்ட வாலோடு இருந்தது. அந்த வாலுக்குள்தான் தேன் இருக்குமாம். நீண்ட நாக்குள்ள அந்துப்பூச்சிகள் பொழுது சாயும்போது வந்து குடிக்குமாம். அவர் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மண்ணில் வளர்கிற ஆர்க்கிட் வகை இது என்றார். லத்தீனில் ஒரு நீளமான பெயர் சொன்னார். தமிழில் இதற்குப் பெயர் இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வெள்ளைப்பூ என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அவரை எல்லோரையும் போல நானும் டீச்சர் என்று கூப்பிட்டேன்.

"மைசூரைச் சுத்தி இதை நான் பார்த்த இன்னொரு எடம் இப்ப ரோடு" என்றார் டீச்சர். "மழை வந்தா எழுந்து வரும். மழை போனா மண்ணுக்குள்ள போயிடும். அப்புறம் வருஷத்துல முக்கால்வாசி நாள் இங்க ஒண்ணுமே இருக்காது. ஒண்ணுமே இல்லாத எடத்தைக் காப்பாத்துங்கன்னா யாரு கேப்பாங்க?"

பேசிக்கொண்டிருக்கும்போதே வெயில் மறைந்தது. அப்போது அந்த வாசனை எழுந்தது. மல்லிகை இல்லை, சம்பங்கியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் குளிர்ச்சியாக, ஏதோ ஒன்று. அந்த வாசனை எனக்குப் புதிது இல்லை. என் கணவர் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுக்கிற நேரத்தில், "எங்கியோ பூ வாசம் வருது பாரு" என்று அவர் சொன்னதுண்டு. நாங்கள் இருவருமே பக்கத்தில் யாரோ பூ வைத்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

இப்படித்தான் நான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டீச்சர், அவருடைய பழைய மாணவர்கள் சிலர், விஜயநகரில் நடைப்பயிற்சிக்கு வருகிற இரண்டு மூன்று பேர். வாரக் கடைசியில் வந்து, பூத்த செடிகளின் அருகே குச்சி நட்டு சிவப்பு ரிப்பன் கட்டுவோம். உடைந்த பாட்டில்களைப் பொறுக்குவோம். பைக் ஓட்டிப் பழக வருகிற பையன்களிடம் வேறு பக்கம் போகச் சொல்வோம். மாடு மேய்க்கிறவர்களிடம் மட்டும் ஒன்றும் சொல்லக்கூடாது என்பது டீச்சரின் உத்தரவு. மாடு மேய்ந்துதான் புல் அடங்கியிருக்கிறது, அதனால்தான் இந்தச் செடிக்கு வெயில் கிடைக்கிறது என்பார்.

எல்லோரும் போன பிறகு நான் கொஞ்ச நேரம் நிற்பேன். வாசனை வரும்வரை. வந்தபின் அவரும் வந்தார் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். நானே நம்பவில்லை. ஆனால் ஒருநாள் பராக்காகக் கல் வரிசையைத் தாண்டியபோது, "வாசப்படி அங்க இருக்குது" என்று பின்னாலிருந்து கேட்டது. திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். சுற்றிப் போய் வாசல் வழியாக வந்தேன்.

மகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்துவிடும்.

"அம்மா, சும்னே அங்க போய் நிக்காதே. நீ பூவுக்காகப் போறியா, அப்பாவுக்காகப் போறியா?"

"ரெண்டும் ஒரே எடத்துல இருக்குது கண்ணு."

"அப்பா அங்க இல்லம்மா. ஸ்வல்ப யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்க்காமல் இல்லை.

புரட்டாசியில் பூக்கள் காய்ந்து விதைப் பைகள் வெடித்தபோது, டீச்சர் ஒரு செடியின் அடி மண்ணை விரலால் மெல்ல விலக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று சுருங்கிப் போயிருந்தது, மற்றது கெட்டியாக, வெளிர் நிறத்தில் இருந்தது. "சுருங்கினது இந்த வருஷத்து உசுரு. கெட்டியா இருக்கறது அடுத்த வருஷத்துக்கு" என்று சொல்லி மண்ணை மூடினார்.

அந்தக் கிழங்கை நான் பார்த்திருக்கிறேன். களைக்கொத்தோடு ஹாலில் உட்கார்ந்திருந்தவர், "இந்தா, சின்ன வெங்காயமாட்ட ரெட்டையா இருக்குது பாரு" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருக்கிறார். காட்டிவிட்டுச் சுவருக்கு வெளியே வீசினார். ஒன்றல்ல, கொத்தக் கொத்த வந்தவற்றையெல்லாம் வீசினார். ஹாலிலும் படுக்கையறையிலும் ஏன் ஒரு செடிகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் இடம் என்று அவர் தொடாமல் விட்டதால் சமையலறையில் மட்டும் அது பிழைத்திருந்தது.

இரண்டு நாள் அதை மனசுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு டீச்சரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எந்தப் பக்கம் வீசினாரு, ஞாபகம் இருக்கா?"

படுக்கையறைக்கு அப்பால், பாறைகள் இருக்கிற சரிவைக் காட்டினேன். இருவரும் போய்ப் புல்லை விலக்கித் தேடினோம். பாறை இடுக்குகளில், மண் சேர்ந்திருந்த இடங்களில், காயத் தொடங்கிய இலைகள் தெரிந்தன. நான் ஹாலில் என் கணவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்தேன். அந்தச் செடிகள் அரைவட்டமாக, கை வீசிய வாக்கில் சிதறியிருந்தன. கிட்டத்தில் விழுந்தவை, தூரத்தில் விழுந்தவை. அவருடைய வலது கை வீச்சு அங்கே மண்ணில் இருந்தது. நான் அழுதேன் என்று டீச்சர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

அந்த வருடம் சங்கத்துக்கு எல்லா அனுமதியும் கிடைத்துவிட்டது. சங்கத்தின் செயலாளர் என் கணவரின் நெருங்கிய நண்பர். கொள்ளேகால்காரர். ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். அவரிடம் விஷயத்தைச் சொல்லி டீச்சரும் நானும் சங்கக் கூட்டத்துக்குப் போனோம். ஒரு சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். டீச்சர் படங்களைக் காட்டிப் பேசினார். மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு என் கணவரோடு வேலை பார்த்த ஒருவர் தடியை ஊன்றி எழுந்தார்.

"பூவை வேண்டாங்கலீங்க மேடம். அது மழைக்கு மழை திரும்பி வருதுங்கறீங்க. நான் திரும்பி வரமாட்டேனுங்களே. ஆயுசு பூரா வாடகை வீடு. சொந்தமா ஒரு ரூம்ல படுத்துச் சாகணும்னு இருக்கறேன். அது தப்புங்களா?"

அவர் கேட்டது என் கணவரின் குரலிலேயே கேட்டது போல எனக்கு இருந்தது. அவருக்கும் அதே ஆசைதானே.

நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். "அண்ணா, யாருக்கும் வீடு வேண்டாம்னு சொல்ல நாங்க வரலீங்க. எப்படியும் லேஅவுட்டுக்குப் பார்க் விடணும். அதைக் கீழ விடறதுக்குப் பதிலா மேல பாறைப் பக்கம் விட்டுருங்க. எங்க சைட்டும் அதுல சேந்துக்கட்டும்."

செயலாளர் என்னையே பார்த்தார். "ஏம்மா, அவன் அந்த எடத்துல வீடு கட்டோணும்னு எத்தனை வருசம் கெடந்தான். உனக்குத் தெரியாததா? அவன் இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பானா?"

"தெரியலீங்கண்ணா" என்றேன்.

அதுதான் உண்மை. அந்தக் கேள்வி அன்று என்னோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தது. இன்னும் போகவில்லை. அவர் இறந்தபிறகு அவரோடு எத்தனையோ பேசியிருக்கிறேன், இதைக் கேட்டால் மட்டும் அவர் பக்கம் சத்தமே இருக்காது.

செயலாளர் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. ஆனால் வரைபடத்தை மாற்றினார். எத்தனை பேரிடம் அலைந்தார், யாரிடம் என்ன பேச்சு வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. பாறைச் சரிவும் எங்கள் சைட்டும் அதை ஒட்டிய சிலவும் பார்க் ஆயின. அங்கே இடம் இருந்தவர்களுக்குக் கீழே மாற்று சைட் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். அதை மகள் பெயருக்கு மாற்றிவிட்டேன். இதுவரை போய்ப் பார்க்கவில்லை.

மாசி மாதம் ரோடு போட ஜேசிபி வந்தது. வெயில் ஏறி மண் வெடித்திருந்த காலம். செடி ஒன்றுகூட வெளியே இல்லை. நாங்கள் ரிப்பன் கட்டிய குச்சிகளுக்கு முன்னால் வரிசையாக நின்றோம். ஜேசிபி ஓட்டி வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து தரையைப் பார்த்தார். எங்களையும் பார்த்தார்.

"செடி எங்கம்மா?"

"உள்ள இருக்குது."

அவர் மறுபடியும் தரையைப் பார்த்தார். எங்கள் மேல் அவருக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் சொன்னபடி அந்தப் பக்கம் தோண்டவில்லை. ஆனால் நாங்கள் இல்லாத ஒரு வாரநாளில், வேறு யாரோ லாரிகளில் ரோட்டுக்குத் தோண்டிய மண்ணையும் ஜல்லியையும் கொண்டுவந்து பார்க் இடத்தில் கொட்டிவிட்டார்கள். காலி இடம்தானே என்று நினைத்திருப்பார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஹால், நடை, சமையலறை எதுவும் இல்லை. சிவப்பு மண் மேடு மட்டும் இருந்தது. குச்சிகளும் கற்களும் அதற்கு அடியில் போய்விட்டன. டீச்சர் அந்த மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டாலும் இறங்கவில்லை.

மெஷின் வைத்து வாரினால் அடி மண்ணும் சேர்ந்து போய்விடும் என்றார் டீச்சர். அதனால் கையாலேயே வாரினோம். இரும்புச் சட்டி, மண்வெட்டி, கடைசியில் துடைப்பம். வெயிலுக்கு முன் காலையிலும், வெயில் தாழ்ந்த பின்னும் செய்தோம். கோடை முழுக்க அந்த வேலை நடந்தது. என் தோள்பட்டை வலி அப்போது வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குனிந்து மண் வாரிக்கொண்டிருந்தபோது என் சட்டியை இன்னொரு கை வாங்கியது. செயலாளர். இடுப்பு வலிக்குக் கட்டுகிற பெல்ட்டைச் சட்டைக்கு மேலேயே கட்டியிருந்தார். மதியம் வரை சுமந்துவிட்டுப் போனார். அதற்கடுத்த ஞாயிறுகளிலும் வந்தார்.

பழைய தரை வெளியே வந்தபோது கற்கள் இடம் மாறியிருந்தன. எது எந்த அறை என்று எனக்கே தெரியவில்லை. அவற்றைத் திரும்ப அடுக்க நான் முயலவில்லை.

மழை வந்தது. ஆனி போய் ஆடி போய் ஆவணி வந்தது. ஒன்றும் முளைக்கவில்லை. புல் வந்தது, தும்பை வந்தது, எங்கிருந்தோ பார்த்தீனியம் வந்தது. அதைப் பிடுங்கினோம். வெள்ளைப்பூ வரவில்லை. பாறை இடுக்கிலும் இல்லை. மண் பாரத்தில் கிழங்கு நசுங்கியிருக்கலாம், அல்லது ஒரு வருடம் வெளியே வராமல் உள்ளேயே கிடக்கலாம், சில சமயம் அப்படி நடப்பதுண்டு என்று டீச்சர் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் நம்பிக்கை இல்லை. குழுவில் வருகிறவர்கள் குறைந்தார்கள்.

நான் மட்டும் அந்த மழைக்காலம் முழுக்கப் போனேன். பஸ்ஸில் வாங்கின மலிவான வெள்ளை பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் அந்தச் சரிவில் நின்றேன். என் கணவர் வரவில்லை. சொன்னால் விசித்திரமாக இருக்கும், செடி முளைக்காததைவிட அதுதான் பயமாக இருந்தது. ஆனால் பொழுது சாயும்போது, ஒரு பூவும் இல்லாத அந்த இடத்தில், வாசனை மட்டும் வந்தது. ஒருநாள் அல்ல, பல நாள். டீச்சரைக் கூட்டிப் போனேன். அவர் மூக்கை நிமிர்த்தி வெகுநேரம் நின்றார்.

"எனக்கு ஒண்ணும் வரலைம்மா" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு வருதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் விஞ்ஞானம் படித்தவர். ஆனாலும் பிடித்த கையை விடவில்லை.

அடுத்த மழையில் இலைகள் வந்தன. சில மட்டும், பூ இல்லை. அதற்கடுத்த மழையில் பூத்தது. டீச்சர்தான் போனில் சொன்னார். நான் போனபோது வாசனை வெளியிலா என் தலைக்குள்ளா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த வருடம் அந்துப்பூச்சிகளும் வந்தன. சாம்பல் நிறத்தில், பூவின் முன்னால் அந்தரத்தில் நின்று குடித்துவிட்டுப் போயின.

அதற்குள் லேஅவுட்டில் வீடுகள் எழும்பிவிட்டன. கூட்டத்தில் தடி ஊன்றி எழுந்தவர் தம் வீட்டில் குடியேறிவிட்டார், சொந்த அறையில் படுக்கிறார். என்னைப் பார்த்தால் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுப்பார். செயலாளர் வீடு பார்க்கை ஒட்டி இருக்கிறது. அவரும் நானும் இப்போது பேசுகிறோம், மழையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி. அவர் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி இல்லை.

பார்க்குக்குச் சுவர் கிடையாது. கம்பி வேலிகூட இல்லை. எங்களுக்கு அதுதான் கவலையாக இருந்தது. மிச்சம் வருகிற சிமெண்டு, உடைந்த டைல்ஸ், குப்பை எல்லாவற்றையும் ஜனங்கள் காலி இடத்தில்தானே கொட்டுவார்கள். ஆனால் கொட்டவில்லை. பிள்ளைகள் பந்து விழுந்தால்கூட உள்ளே வந்து எடுப்பதில்லை. வேலி இல்லாத இடத்தில் ஒரு கால்தடம் இல்லாதது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

காரணத்தைப் போன மழைக்காலத்தில் தெரிந்துகொண்டேன். கட்டிட வேலைக்குத் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், பக்கத்து சைட்டில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தது. நான் மதியத்தில் பார்த்தீனியம் பிடுங்க வந்தபோது அந்த வீட்டுப் பெண் ஓடி வந்து என்னை ரோட்டிலேயே நிறுத்தினாள்.

"உள்ள போவாதம்மா. அங்க ஒருத்தி இருக்கறா."

"யாரு?"

"மோகினிம்மா. மழ நாள்ல சாயங்காலம் ஆனா வாசன அடிக்கும். அப்பறம் வருவா. வெள்ளையா போத்திக்கினு பாற மேல நிப்பா. நவுரவே மாட்டா. எங்கூட்டுக்காரரு கண்ணால பாத்துருக்காரு. இங்க எல்லா ஊட்டுலயும் சொல்றாங்க, கேட்டுப் பாரு."

அவள் கண்ணில் உண்மையான பயம் இருந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு என் வெள்ளை மழைக்கோட்டு நினைவுக்கு வந்தது. அது வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவ என்ன பண்றா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலம்மா. நிக்கிறா. யாரையோ எதிர்பாத்துக்கினு நிக்கிற மாரி நிக்கிறா, பாவம்."

டீச்சரிடம் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர். பெரிய பலகை ஒன்று வைத்து, இது இன்ன செடி, இது இன்ன பூச்சி, வாசனை எங்கிருந்து வருகிறது என்று எழுதிவிடலாம் என்றார். வீடு வீடாகப் போய் விளக்கலாம் என்றார். மறுநாள் அவரே போன் செய்தார்.

"பலகை வெச்சா ஆர்க்கிட்னு தெரிஞ்சிடும். தோண்டி எடுத்துட்டுப் போய்த் தொட்டியில வெப்பாங்க. ஒரு மாசத்துல செத்துப் போகும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?"

"இருக்கறபடி இருக்கட்டும் டீச்சர்."

"பொய்தானே அது."

"அவங்க பாத்தது பொய் இல்லையே" என்றேன். டீச்சர் போனை வைத்துவிட்டார். பலகை வைக்கவில்லை. ஆனால் இன்றும் அந்தப் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த வருடம் ஆடி முதல் வெள்ளிக்கிழமை அந்த வெள்ளை மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். முதல் தண்டு எழுந்திருந்தது, மொட்டு திறக்கவில்லை. அதனருகே ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஓர் எலுமிச்சம்பழம், ஒரு ஜோடி கண்ணாடி வளையல். தருமபுரிப் பெண் செருப்பை ரோட்டோரம் விட்டுவிட்டு, செம்பில் மஞ்சள் தண்ணீரோடு பயந்து பயந்து உள்ளே வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"இங்க ஊத்தாதே தாயி" என்றேன். "வேருக்கு ஆகாது."

அவள் செம்பைத் தாழ்த்தினாள். மழைக்கோட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கோட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஓடவில்லை. தண்ணீரைப் பாறைமேல் சரித்துவிட்டு, செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில் வந்து நின்றாள்.

தூறல் ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் திறக்காத மொட்டைப் பார்த்தபடி நின்றோம்.